வெந்நீர்த் தொட்டியில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பெங்களூரா மாம்பழம் பெரும்பாலும் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போவதால் அதற்குப் பழ ஈ நீக்கம் பெரிய கவலையில்லை. முழுப்பழமாகக் கப்பலேறும் அல்போன்சா, பங்கனப்பள்ளி ரகங்களில்தான் சிக்கல். ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. பழத்தைக் கழுவுவதோ மெழுகு பூசுவதோ அதைத் தொடாது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டதும் இதே ஈயால்தான். 2015 தொடக்கத்தில்தான் தடை நீங்கியது.

முட்டையும் புழுவும் சாக, ஐரோப்பாவுக்கு அனுப்பும் பழத்தை 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 60 நிமிடம் மூழ்க வைப்பது வழக்கம். இதில் பலரும் தவறுவது கடிகாரத்தில். குளிர்ந்த பழக்கூடை இறங்கியதும் தொட்டியின் சூடு தணியும். மீண்டும் 48-ஐத் தொட்ட பிறகே நிமிடக் கணக்கு தொடங்க வேண்டும். நீர் சுழலாவிட்டால் நடுக்கூடையில் சூடு குறைந்து புழு பிழைத்துவிடும். மேலே மிதக்கும் பழமும் அப்படியே. ஒரே ஒரு வெப்பமானியை ஓரத்தில் தொங்கவிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

சூடு கூடினாலோ, முற்றாத காயைப் போட்டாலோ தோல் வெந்து, காம்படி குழிந்து, பழம் சீராகப் பழுக்காது. பறிக்கும்போது பழத்தோடு காம்பைச் சிறிது விட்டு வெட்டி, பிறகு காம்புப் பாலை வடியவிடுவதும் முக்கியம்.

ஜப்பானுக்கு நீராவி வெப்பமும் அமெரிக்காவுக்கு 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சும் வேண்டும். ஒரு நாட்டுக்கான சான்று இன்னொரு நாட்டுக்குச் செல்லாது.

மா ஏற்றுமதித் தொழிலாளர்கள்,
காவேரிப்பட்டணம்