சிறு பூங்காவின் வரலாற்றை எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரின் சிறு பூங்காக்களுக்கு வரலாற்றுப் பலகை வைக்க வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். திறப்புவிழாக் கல்லை மட்டும் பார்த்து எழுதினால் நாடா வெட்டியவர் பெயரே மிஞ்சும். தேட வேண்டியது காணியின் கதையை. கோட்டைக்கு முன்னாலுள்ள முற்றவெளியே பீரங்கிப் பார்வைக்கு மறைப்பு வரக்கூடாதென்று வெறுமையாக விடப்பட்ட நிலம்தானே.

முதலில் நில அளவைப் படம். பழைய படங்களில் பரப்பளவு ஏக்கர், றூட், பேர்ச் என மூன்று எண்களாக இருக்கும். 0-1-20 என்றால் 1 றூட் 20 பேர்ச். ஒரு றூட் 40 பேர்ச் என்பதால் மொத்தம் 60 பேர்ச், அதாவது 16,335 சதுர அடி. இதைத் தசம எண்ணாக வாசித்துக் குழம்புபவர்கள் அதிகம். புதிய படத்தில் இதே காணி 0.1518 ஹெக்டேயர் என்றிருக்கும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், காணியை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று சத்தம் போடுமுன் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் வீதி அகலிப்பில் போயிருக்கலாம். நான்கு எல்லைகளையும் பழைய காணி உறுதியோடு ஒப்பிட்டால் தெரியும்.

1956இல் எடுத்த வான்படங்களைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். 1:40,000 அளவில் 60 பேர்ச் காணி ஒரு மில்லிமீற்றர் சதுரம்கூட வராது. பெருப்பித்தால் பெரிய மரத்தின் நிழல் தெரியலாம், இருக்கையும் ஊஞ்சலும் தெரியாது.

மரத்தின் சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளந்து குறித்து வையுங்கள். ஆனால் அதை வைத்து வயது சொல்லாதீர்கள். தூங்குமூஞ்சி வாகை விரைவில் பருக்கும். நூறு வருடம் என்று பலகையில் எழுதிய மரம் அதில் பாதிகூட இராமல் போகலாம்.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "1964 சூறாவளிக்கு முதலா, பிறகா?" என்று கேளுங்கள். இளையவர்களுக்கு 2004 சுனாமி. இருவரைத் தனித்தனியே கேட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டும் எழுதலாம். சேர்த்திருத்திக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்.

பலகையில் அளவைப் படத்தின் இலக்கத்தையும் ஒரு மூலையில் போடுங்கள். நாளைக்கு எல்லைப் பிரச்சினை வந்தால் உதவப்போவது அந்த வரிதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.