வெளியேறிய பின்னும் உயிரோடிருக்கும் டோக்கன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான எங்கள் கடலோர ஊர்களில் இ-சேவை மையத்துக் கணினியையும் பிரவுசிங் சென்டர் கணினியையும் ஒரே நாளில் பலர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். வீடுகளிலும் ஒரே கைப்பேசி தந்தை, மகன், மருமகள் என்று கைமாறுகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், தள்ளிப்போட்டு வைத்த கணக்கு வழக்குகளைப் பார்க்க வருவோரும் இவற்றையே நாடுகிறார்கள். இப்படிப் பொதுவில் புழங்கும் கருவியில் ‘வெளியேறு’ என்னும் பொத்தான் சொன்னதைச் செய்தாக வேண்டும். இப்பகுதி நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் தொழிலில் இருப்பவன் நான். பல செயலிகளில் அந்தப் பொத்தான் திரையை மட்டுமே மாற்றுகிறது, சர்வரில் ஒன்றையும் மாற்றுவதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சக மென்பொருளாளர்களுக்கும், அவர்களிடம் வேலை கொடுப்போருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

காரணம் இந்த அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. பயனர் உள்நுழைந்ததும், ‘இவர் உள்நுழைந்தவர்’ என்று காட்டும் டோக்கன் என்னும் எழுத்துத் தொடர் ஒன்றை சர்வர் தன் கையொப்பமிட்டுத் தருகிறது. 2015-இல் ஆர்எஃப்சி 7519 என்னும் இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த ஜேடபிள்யூடி என்னும் வடிவமே இன்று பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளது. அடுத்தடுத்த கோரிக்கைகளில் சர்வர் கையொப்பத்தையும் காலாவதி நேரத்தையும் சரிபார்க்கிறதே தவிர, வழக்கமாக எந்தப் பட்டியலையும் புரட்டுவதில்லை. கடலுக்குப் போகும் படகுக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டைப் படகு புறப்பட்ட பின் பதிவேட்டில் அடித்துவிட்டாலும், கடலில் சோதிப்பவர் பதிவேட்டைக் கேட்காமல் சீட்டை மட்டும் பார்த்தால் அது செல்லத்தான் செய்யும். செயலி தன் நினைவகத்திலிருந்து டோக்கனை அழித்துவிட்டாலும், அதன் நகல் வேறெங்காவது இருந்தால் காலாவதியாகும் வரை அந்த நகலும் அப்படியே செல்லும்.

இதைச் சோதிப்பது எளிது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ் பகுதியில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, கோரிக்கையின் தலைப்புப் பகுதியான ஆதரைசேஷன் ஹெடரில் போகும் டோக்கனை நகலெடுத்துக்கொண்டு செயலியிலிருந்து வெளியேற வேண்டும். பிறகு அதே கோரிக்கையை அந்த நகலுடன், கோரிக்கைகளைத் தனியாக அனுப்பிப் பார்க்க உதவும் போஸ்ட்மேன் என்னும் கருவி வழியாக அனுப்பிப் பார்க்க வேண்டும். 401 என்ற பதில் வந்தால் சர்வர் அதை மறுத்துவிட்டது என்று பொருள். 200 என்ற பதிலோடு கணக்கு விவரமும் வந்தால் வெளியேற்றம் நடக்கவே இல்லை. கோரிக்கைகளோடு போகும் இந்த அணுகல் டோக்கன் காலாவதியானால் புதியதை வாங்கப் பயன்படும் ரெஃப்ரெஷ் டோக்கனையும் இதேபோல் தனியாகச் சோதிக்க வேண்டும். நீண்ட ஆயுள் அதற்குத்தான் என்பதால் ஆபத்தும் அதில்தான் அதிகம்.

அண்மையில் மீன் கொள்முதல் நிறுவனம் ஒன்றின் கணக்குச் செயலியைப் பார்க்க நேர்ந்தது. வெளியேறிவிட்டு எழுந்து போனவரின் நிலுவைத் தொகை அடுத்து உட்கார்ந்தவருக்குத் தெரிகிறது, ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பது புகார். பதிவுகளைப் பார்த்தபோது விவரம் துலங்கியது. பயனர் நெடுநேரம் கணினியைத் தொடாமல் இருந்துவிட்டு ‘வெளியேறு’ என்று அழுத்தும்போது அணுகல் டோக்கன் ஏற்கெனவே காலாவதியாகி இருக்கிறது. வெளியேறும் கோரிக்கையைப் பெறும் சர்வர் முகவரியோ செல்லுபடியாகும் டோக்கனைக் கேட்கிறது, ஆகவே 401 என்று மறுக்கிறது. எந்தக் கோரிக்கைக்கு 401 வந்தாலும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் கொடுத்துப் புதிய டோக்கன் வாங்கிச் சேமிக்கும்படி செயலி எழுதப்பட்டிருந்ததால், வெளியேறும் கோரிக்கைக்கும் அது அதையே செய்தது. அதற்குள் திரை உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய்விட்டது. புதிய டோக்கனோ பிரவுசரின் சேமிப்பில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. வெளியேற நினைத்தவருக்கே செயலி புதிய அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறது! பக்கத்தை மறுபடி திறந்தவர் நேராகக் கணக்குக்குள் போய்விட்டார்.

வெளியேறும் முகவரி காலாவதியான டோக்கனைக் கண்டு மறுக்கக் கூடாது. டோக்கனை ரத்து செய்வதற்கென்றே 2013-இல் வந்த ஆர்எஃப்சி 7009, செல்லாத டோக்கனைக் கொண்டு வந்தாலும் 200 என்றே பதில் சொல்லச் சொல்கிறது. ரத்தாக வேண்டியது எப்படியும் செல்லாமல்தானே இருக்கிறது? வெளியேறும் கோரிக்கையில் ரெஃப்ரெஷ் டோக்கனை அனுப்பி, தரவுத்தளத்தில் அதன் பதிவை ரத்து செய்வதும், தானாகப் புதுப்பிக்கும் பகுதியிலிருந்து அந்தக் கோரிக்கைக்கு விலக்கு அளிப்பதும் போதும். அணுகல் டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிட்டால் மிச்சமிருக்கும் இடைவெளியும் சுருங்கிவிடும். அதையும் பொறுக்க முடியாத பணப் பரிமாற்றம் போன்ற இடங்களில், டோக்கனின் அடையாள எண்ணை அது காலாவதியாகும் நேரம் வரை தடைப்பட்டியலில் வைக்கலாம். அந்தப் பட்டியல் ஒரு சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருந்தால், இரண்டாம் சர்வருக்குப் போகும் கோரிக்கை தப்பிவிடும். எல்லா சர்வர்களும் பார்க்கக்கூடிய ரெடிஸ் என்னும் தரவுக் கிடங்கு போன்ற பொதுவான இடத்தில் வைப்பதே சரி.

வேறு சில கோளாறுகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. செயலியும், அதற்குத் தரவு தரும் சர்வர் பகுதியான ஏபிஐயும் வெவ்வேறு முகவரிகளில் இருக்கும்போது, ஆதரைசேஷன் ஹெடர் உள்ள கோரிக்கைக்கு முன் ‘அனுப்பலாமா?’ என்று கேட்கும் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை பிரவுசர் டோக்கன் இல்லாமல் அனுப்புகிறது. அதற்கு சர்வர் 401 சொன்னால் உண்மையான கோரிக்கை புறப்படவே புறப்படாது. சிலர் டோக்கனை முதலில் அழித்துவிட்டுப் பிறகு கோரிக்கையை அனுப்புகிறார்கள், அது வெறும் கையோடு போய் நிற்கிறது. பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு தகவலான குக்கீயில் டோக்கனை வைத்தவர்கள், அதை உருவாக்கியபோது கொடுத்த டொமைனும் பாதையும் அப்படியே இல்லாமல் அழிக்கக் கட்டளையிட்டால் அது அழியாது. பாம்பன் போன்ற இடங்களில் சிக்னல் அறுபடும் நேரத்தில் சர்வரை எட்ட முடியாமலும் போகலாம் என்பதால், நெடுநேரம் பயன்படுத்தப்படாத ரெஃப்ரெஷ் டோக்கனை சர்வரே தானாக ரத்து செய்யும் ஏற்பாடும் அவசியம்.

படகு உரிமையாளர் சங்கங்களும் வணிகர்களும் மகளிர் குழுக்களும் இன்று செயலிகள் செய்து வாங்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாளும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. எழுதிக் கொடுத்தவரைக் கைகாட்டி அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஆகவே செயலியை ஒப்புக்கொள்ளும் முன், மேலே சொன்ன டோக்கன் சோதனையைத் தங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். உள்நுழைந்த உடனே ஒரு முறையும், அணுகல் டோக்கன் காலாவதியான பின் ஒரு முறையும் வெளியேறிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் பழைய ரெஃப்ரெஷ் டோக்கன் மறுக்கப்படுவதைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.