வென்டி ரெனாரின் கைப்பட்டி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதிய நீண்ட மின்னஞ்சலை அம்மாவும் நானும் தனித்தனியே வாசித்தோம். பிறகு இருவரும் சேர்ந்திருந்து இன்னொரு முறை வாசித்தோம். புதிய பயிற்றுநர் வந்த சில கிழமைகளுக்குள் அணித்தலைவியின் கைப்பட்டியை உன்னிடமிருந்து எடுத்து வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்றும், கணுக்கால் ஆறுவதற்கு முன்பே உன்னைப் பயிற்சியில் இறக்கினார் என்றும், பருவம் முடியும்வரை பொறுக்காமல் கழகத்தை விட்டு விலகிவிட எண்ணுகிறாய் என்றும் எழுதியிருந்தாய். இதைத் தொலைபேசியில் பேசினால் இருவருக்கும் பொறுமை இருக்காது என்பதால், சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, லியோன் உதைபந்தாட்டக் கழகத்தின் பின்கள வீராங்கனை வென்டி ரெனாரைப் பற்றி எழுதுவதுதான். லியோனில் வாழும் ஒருவனுக்கு அவரைப் பற்றிப் பேசுவது இயல்பு. பின்களத்தில் நின்று விளையாட வேண்டும் என்று சிறு வயதில் நீ அடம்பிடித்ததற்கும் அவரே காரணம். ஆனால் உன் அறைச் சுவரில் இருந்தவர் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த ரெனார். அவரிடமிருந்து கைப்பட்டி பறிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டில் உனக்கு அதன் கனம் விளங்கும் வயதில்லை. நான் எழுத விரும்புவது அந்த ரெனாரைப் பற்றி.

அவர் 1990 ஜூலை 20ஆம் திகதி, கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவில் பிறந்தவர். வளர்ந்தது தீவின் வடமுனையில், பெலே எரிமலையின் அடிவாரத்தில் உள்ள லு பிரெஷர் என்னும் சிறு கடற்கரை ஊரில். 1902இல் சென்-பியேர் நகரத்தையே சில நிமிடங்களில் அழித்த எரிமலை அது. (அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1853இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும்.) நான்கு பெண்பிள்ளைகளில் ரெனார் கடைசி. எட்டு வயதில் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ஊர்ப் பையன்களோடு விளையாடியே ஆட்டத்தைக் கற்றார். பெண் ஒருத்தி பந்தை உதைத்து வாழலாம் என்பதற்கு அந்தத் தீவில் அவர் பார்த்துப் பழக ஓர் உதாரணமும் இருக்கவில்லை.

பதினாறு வயதுப் பருவத்தில், ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர் பறந்து பரிஸுக்கு அருகே உள்ள கிளேர்போன்தேனுக்கு வந்தார். பிரெஞ்சு உதைபந்தாட்டக் கூட்டமைப்பு இளம் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த இடம் அது. அங்கே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னாளில் பிரான்ஸின் தலைவியாகப் பல ஆண்டுகள் நின்றவரை, பிரான்ஸின் முதன்மையான பயிற்சி நிலையம் வேண்டாம் என்று திருப்பியது. தீவுக்குத் திரும்புவதற்கு முன் லியோனில் இன்னொரு தேர்வுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அப்போது லியோன் பெண்கள் அணியின் பயிற்றுநராக இருந்த பரீத் பென்ஸ்தித்தி அவரை ஏற்றுக்கொண்டார். 2006இல் தாயையும் அக்காமாரையும் விட்டு இந்தக் குளிர் நகரத்தில் தனியே குடியேறிய அந்தப் பெண் வேறெந்தக் கழகத்துக்கும் போகவில்லை.

அக்காலத்தில் இது தொழிலாகவும் இருக்கவில்லை என்பதை உன் தலைமுறை எளிதில் மறந்துவிடுகிறது. கழகத் தலைவராக இருந்த ஷோன்-மிஷேல் ஓலாஸ் 2004இல்தான் பெண்கள் அணியை ஒலிம்பிக் லியோனோடு இணைத்தார். பெண்களுக்கு ஒழுங்கான ஒப்பந்தங்கள் வரத் தொடங்கியது 2009 அளவில்தான். முதற்பிரிவு தனக்கென்று ஒரு தொழில்முறை லீக் நிர்வாகத்தைப் பெற்றதோ 2024இல். ரெனார் சேர்ந்த பருவத்திலிருந்து லியோன் தொடர்ந்து 14 முறை பிரெஞ்சு வாகையராயிற்று. கழகங்களுக்கான ஐரோப்பிய வாகையர் கிண்ணத்தை 2011 முதல் 2022 வரை 8 முறை வென்றது. அந்த எட்டிலும் அவர் இருந்தார். 2011இல் லண்டனில் பொட்ஸ்டாம் அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் முதல் கோலை அடித்தவரும் இந்தப் பின்கள வீராங்கனையே. 1.87 மீற்றர் உயரம் ஒரு வரம்தான்; ஆனால் மூலை உதை எடுக்கப்படுவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார், எந்தக் கணத்தில் நகரத் தொடங்குகிறார் என்று கவனித்துப் பார்த்தவர்கள் உயரத்தை மட்டும் புகழமாட்டார்கள்.

இனி உன் விடயத்துக்கு வருகிறேன். 2013இல் பிலிப் பெர்ஜரு அவரைத் தேசிய அணியின் தலைவியாக்கினார். அப்போது அவருக்கு 23 வயது. நான்கு ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தில் நடந்த, நாடுகளுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தின் காலிறுதியில் இங்கிலாந்திடம் பிரான்ஸ் தோற்றபின், கொரின் தியாக்ர் பயிற்றுநராக வந்தார். வந்தவுடன் தலைமைப் பொறுப்பை ரெனாரிடமிருந்து எடுத்து அமந்தின் ஆன்ரியிடம் கொடுத்தார். தேசிய அணிக்காக ரெனார் ஆடும் ஆட்டம் போதாது என்பதை ஒளிக்காமல் வெளியிலும் சொன்னார். அந்த நேரத்தில் ரெனாரிடம் நான்கு ஐரோப்பிய வாகையர் கிண்ணங்கள் இருந்தன. உன் பயிற்றுநர் உடைமாற்றும் அறையில் சொன்னதை அவருடைய பயிற்றுநர் நாடே கேட்கச் சொன்னார் என்று நினைத்துப் பார்.

ரெனார் விலகவில்லை. அணிக்குள் பிளவு உண்டாக்கவும் இல்லை. ஆன்ரியும் பிறகு லியோனுக்குத் திரும்பி வந்ததால், கழகத்தில் ரெனார் தலைவி, தேசிய அணியில் ஆன்ரி தலைவி என்ற நிலையில் இருவரும் ஒரே மைதானத்தில் நாள்தோறும் பயிற்சி செய்தார்கள். சேர்ந்தே 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளின் ஐரோப்பிய வாகையர் கிண்ணங்களை வென்றார்கள். அந்த நாட்களில் ரெனாரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது, அவர் தன் இடத்தில் நின்று தன் வேலையைச் செய்தார் என்பதே.

2019இல் பிரான்ஸிலேயே உலகக் கிண்ணம் நடந்தபோது நீ தொலைக்காட்சியின் முன்னால் எழுந்து நின்றே பார்த்தாய். பரிஸின் பார்க் தே பிரின்ஸ் மைதானத்தில் தென் கொரியாவுக்கு எதிரான முதலாட்டத்தில் கைப்பட்டி இல்லாத ரெனார் தலையால் முட்டி இரண்டு கோல்களைப் போட்டார். அடுத்த ஆட்டத்தில், நீஸ் நகரில், நோர்வே வீராங்கனை கோலுக்கு முன்னால் குறுக்கே அனுப்பிய பந்தைத் தடுக்கப்போய்த் தன் சொந்த வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். அதற்கும் அடுத்த ஆட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிராகத் தண்ட உதையை எடுக்க அவரே முன்வந்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. கோல்காப்பாளர் முன்னதாகவே கோட்டைவிட்டு நகர்ந்தார் என்று நடுவர் தீர்ப்பளித்ததால் உதை மீண்டும் எடுக்கப்பட்டது. இரண்டாவது முறையும் அவரே எடுத்தார், கோலாயிற்று, பிரான்ஸ் 1–0 என வென்றது. சொந்தக் கோல் போட்டு ஐந்து நாட்களே ஆகியிருந்தன, முதல் உதை தவறி ஒருசில நிமிடங்களே ஆகியிருந்தன, தலைவி என்ற பெயரும் கையில் இல்லை. அந்த நிலையிலும் பந்தை வேறொருவரிடம் கொடுக்கவில்லை. காலிறுதியில் அமெரிக்காவிடம் 2–1 எனத் தோற்றபோதும் பிரான்ஸின் ஒரே கோல் அவருடையதுதான். ஒரு பின்கள வீராங்கனை ஒரே உலகக் கிண்ணத்தில் நான்கு கோல் போட்டார். 2021இல் கைப்பட்டி அவரிடமே திரும்பி வந்தது. அதைக் கொடுத்தவரும் அதே தியாக்ர்தான்.

இத்தோடு முடித்தால் பொறுமையாக இரு என்று சொல்வதற்காகவே எழுதினேன் என்று நீ நினைப்பாய். அது என் கருத்தும் அல்ல, அவருடைய வரலாறும் அல்ல. 2023 பெப்ரவரி 24ஆம் திகதி, உலகக் கிண்ணத்துக்கு ஐந்து மாதங்கள்கூட இல்லாத நேரத்தில், தலைவியாக இருந்த ரெனார், இப்போதைய நிலைமைகளில் தேசிய அணிக்கு விளையாட மாட்டேன் என்று அறிவித்தார். உயர்மட்டப் போட்டிக்குத் தேவையானவற்றிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஓர் அமைப்பைத் தன்னால் இனித் தாங்கிப்பிடிக்க இயலாது என்றும், தன் மனநலத்தைக் காத்துக்கொள்ள இது தேவைப்படுகிறது என்றும் எழுதினார். 32 வயதில் ஓர் உலகக் கிண்ணத்தை விடுவது என்றால், இனியொன்று வராமலே போகலாம் என்று அறிந்தே விடுவது. அதே நாளில் கதிதியாத்து தியானியும் மரி-அந்துவனெத் கத்தோத்தோவும் விலகினார்கள். அவர்கள் இருவரும் அப்போது லியோனின் பெரும் போட்டிக் கழகமான பரிஸ் சென்-ஜெர்மேனில் விளையாடியவர்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தனியொருத்தியின் கோபமாக இருந்திருந்தால் எதிரணிக்காரிகள் பின்னால் வந்திருக்க மாட்டார்கள். மார்ச் 9ஆம் திகதி கூட்டமைப்பு தியாக்ரைப் பதவியிலிருந்து நீக்கியது. அம்மாத இறுதியில் ஏர்வே ரெனார் பயிற்றுநரானார். பெயர் ஒன்றே தவிர உறவில்லை. தியாக்ர் தாமும் பிரான்ஸின் தலைவியாக இருந்தவர், 120இற்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடியவர், பெண்கள் வராத இடத்தில் ஆண்கள் அணியொன்றைப் பயிற்றுவித்தவர் என்பதையும் நினைவில் வை. மதிக்கத்தக்கவர்களுக்கிடையிலும் இப்படி நடக்கிறது.

வென்டி ரெனார் திரும்பி வந்தார். அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில், பிறிஸ்பேனில் பிரேசிலுக்கு எதிராக ஆட்டம் 1–1 என நின்ற வேளையில், 83ஆவது நிமிடத்தில், செல்மா பாஷா எடுத்த மூலை உதையைத் தூரக் கம்பத்தருகே நின்று தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார். பிறகு காலிறுதியில் அவுஸ்திரேலியாவிடம் தண்ட உதைகளில் பிரான்ஸ் தோற்றது. தேசிய அணியோடு அவருக்கு உலகக் கிண்ணமோ ஐரோப்பியக் கிண்ணமோ ஒலிம்பிக் பதக்கமோ கிடைக்கவில்லை. 2025 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு, தேசிய அணியின் பயிற்றுநராக இருந்த லோரன் பொனதேய் அவரை எடுக்கவும் இல்லை. அதையும் சேர்த்தே அவருடைய வாழ்க்கைத் தொழிலைப் பார்க்க வேண்டும்.

நான் கவனிப்பது 2017ஐயும் 2023ஐயும். பெயரும் பட்டியும் போனபோது நின்றார். தன் மனநலத்துக்குக் கேடு வருகிறது என்று கண்டபோது, பட்டி கையில் இருந்தும் விட்டார். உன் மின்னஞ்சலில் இரண்டு குறைகளையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய், கைப்பட்டிக்கு இரண்டு பந்தி, கணுக்காலுக்கு ஒரு வரி. எனக்கு அந்த அளவு மாறியிருக்க வேண்டும் என்று படுகிறது. கைப்பட்டியை யாரிடம் கொடுப்பது என்பது பயிற்றுநரின் உரிமை. அது பிழையான முடிவாக இருக்கலாம், உன்னைச் சுட்டிருக்கும், ஆனாலும் அதற்காகப் பருவத்தின் நடுவில் கூட்டாளிகளை விட்டுவிட்டு வருவதை நான் விரும்பவில்லை. புதிய தலைவியோடு பேசாமல் இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பிள்ளை உன்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை.

கணுக்கால் வேறு விடயம். வைத்தியர் ஓய்வு எழுதிக் கொடுத்த பிறகு பயிற்சியில் இறக்க எந்தப் பயிற்றுநருக்கும் உரிமை இல்லை. அதைத் தாங்கிக்கொள்வது மனவுறுதியும் ஆகாது. இதில் நீ பொறுக்க வேண்டாம். வாய்ப்பேச்சாக இல்லாமல், திகதிகளோடு, மருத்துவச் சான்றிதழின் பிரதியை இணைத்துக் கழக நிர்வாகத்துக்கு எழுது. தொழில்முறை உதைபந்தாட்டக்காரர்களின் தேசியச் சங்கத்தில் பெண்களுக்காகவும் பேசுகிறார்கள். உன் ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டி, இரண்டாம் பிரிவில் விளையாடும் உனக்கு என்னென்ன பாதுகாப்பு உண்டு என்று கேள். உன்னைப் போலவே காயத்தோடு இறக்கப்பட்ட இன்னும் இருவர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களும் கையெழுத்திடுவார்களா என்று விசாரி. நிர்வாகம் கேட்க மறுத்து, காலோடு விளையாடு என்றே சொன்னால், அன்றைக்கே பையைக் கட்டு. ஒப்பந்தத்தை முறிப்பதால் வரும் பண இழப்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அம்மாவும் இதில் என்னோடு ஒரே எண்ணத்தில் இருக்கிறார். பிசியோதெரபிப் படிப்பின் இவ்வாண்டுப் பரீட்சைகளை மட்டும் எந்த நிலையிலும் விட்டுவிடாதே.

வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்ததும் அழைப்பேன். அதற்குள் நிர்வாகத்துக்கான கடிதத்தின் முதல் வரைவை எழுதி வைத்து எனக்கு வாசித்துக் காட்டு. அதில் கைப்பட்டியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா