போதைச் செடி படிக்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கேரளத்தின் பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தில் ஆய்வுக்குச் சேரப்போகிறாய் என்ற செய்தி, மலை இறங்கிப் புளியரைக்கு வந்து சேர்வதற்குள் "போதைச் செடி படிக்கப் போகிறாளாம்" என்று ஆகிவிட்டது. உன் அம்மா தொலைபேசியில் அழாத குறை. தாவரவியல் வாத்தியார் மாமன்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டான் என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. அதனால்தான் இதைத் தனிக்கடிதமாக அனுப்பாமல், சொந்தபந்தம் எல்லாம் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

மக்கள் செடிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று படிக்கும் உன் துறையின் முன்னோடி என்று எல்லோரும் கைகாட்டுவது ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் இவான்ஸ் ஷூல்டிஸை (1915–2001). காடு காடாக அலைந்து மயக்கும் செடிகளைத் தேடிய சாகசக்காரர் என்றே அவரைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவருடைய பொறுமைதான் பிடிக்கும். மெக்சிகோவின் பழங்குடியினர் சடங்குகளில் பயன்படுத்திய ஒலோலியூக்கி என்ற விதை எந்தச் செடியுடையது என்று ஒரு வழக்கு நெடுநாள் இருந்தது. அது ஊமத்தைதான் என்று அடித்துச் சொன்னார்கள் சிலர். இரண்டின் பூவும் புனல் வடிவம். தவிர, சர்க்கரைவள்ளிக் குடும்பத்துக் கொடியில் போதை எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். ஷூல்டிஸ் 1930களின் இறுதியில் ஒவஹாகாவுக்குப் போய், செடியை நேரில் கண்டு, மாதிரி எடுத்து, அது சர்க்கரைவள்ளிக் குடும்பத்துக் கொடியேதான் என்று 1941இல் எழுதினார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கண்டறிந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், 1960இல் அதே விதையில் அதற்கு உறவான லைசர்ஜிக் அமிலச் சேர்மங்கள் இருப்பதாக அறிவித்தபோதும் சக வேதியியலாளர்கள் நம்பவில்லை. அவருடைய ஆய்வகத்தில் இருந்த சரக்கு கலந்திருக்கும் என்றார்கள்! கடைசியில் கொடிதான் ஜெயித்தது.

ஆகவே முதலில் செடியைத் தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி உலர்த்தக் கற்றுக்கொள். சாரல் காலத்தில் நம் பக்கத்து ஊமத்தையைப் பதப்படுத்திப் பார், வேலை என்னவென்று தெரிந்துவிடும். பூ அந்தியில் விரிந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். முள்காய் தாளுக்கு இடையில் படுக்காது. பிளவுபட அறுத்து, விதை சிதறாமல் உறையில் போட வேண்டும். ஈரம் உறிஞ்சிய செய்தித்தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ருசி பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஊமத்தையில் ஸ்கோபொலமினும் அட்ரோபினும் எந்தச் செடியில் எவ்வளவு என்று கணக்கில் அடங்காது. கண்மணி விரிந்து, நா வறண்டு, பிதற்றி, சில சமயம் உயிரும் போகும்.

கஞ்சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதி இல்லாமல் ஒரு கிளையைத் தாளுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஆரியங்காவு சோதனைச்சாவடியைக் கடக்க நினைக்காதே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் முன் ஆய்வு மாணவி என்பதெல்லாம் செல்லாது.

நீ அமேசான், அயவாஸ்கா என்று பேசும்போதெல்லாம் எனக்கு உன் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வரும். அமேசான் பழங்குடியினர் காய்ச்சிக் குடிக்கும் அயவாஸ்காவில் வியப்புக்குரியது கலவை. ஒரு செடியின் இலையில் டி.எம்.டி. என்ற மயக்கும் பொருள் இருக்கிறது, வெறுமே குடித்தால் குடலும் ஈரலும் அதைச் சிதைத்துவிடும். அந்தச் சிதைவைத் தடுக்கும் கொடியைக் கூட்டிக் காய்ச்சுகிறார்கள். ஆச்சி என்ன செய்தாள்? வெற்றிலையைத் தொடையில் துடைத்து, நரம்பு கிள்ளி, முதுகில் நகக்கண் அளவு சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடிப்பாள். கேரளத்திலிருந்து வந்த பச்சைப் பாக்கு என்றால் பழகாதவனுக்குக் காது மடல் சூடேறி வேர்த்துக் கொட்டும். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருளின் வேலை அது. சுண்ணாம்பின் காரம் அதோடு வினைபுரிகிறது. அமேசானில் கோக்கா இலைப்பொடியில் சாம்பலைச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதே சூட்சுமம்தான். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும் நம் ஜனங்கள் உன்னைப் பார்த்துப் போதைச் செடி என்று முகம் சுளிப்பது வேடிக்கை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. அதையும் குறித்துக்கொள்.

கலவைதான் அறிவு என்றால், அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் உன் துறையின் கை சுத்தமில்லை. 1955இல் கார்டன் வாஸன் என்ற நியூயார்க் வங்கிக்காரர் மெக்சிகோவில் மரியா சபீனா என்ற பழங்குடி வைத்தியப் பெண் நடத்திய மயக்கும் காளான் சடங்கில் கலந்துகொண்டார். 1957இல் பத்திரிகையில் எழுதியபோது மரியாவின் பெயரை மாற்றித்தான் போட்டார். என்ன பயன்? அனுபவம் தேடி வெளியாட்கள் ஊரில் குவிந்தார்கள். ஊரார் மரியாவைப் பழித்தார்கள். அவருடைய வீடு எரிந்தது.

நீ போகும் பாலோட்டின் கதை அதைவிட மேல், ஆனாலும் முழுக் கதை இல்லை. 1987இல் அகத்தியமலையில் தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் குழு மேல்மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஏதோ சிறு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை, தயங்கித்தான் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. (அது போதை தருவதில்லை, களைப்பைத்தான் போக்கும், ஆனாலும் உனக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.) அதிலிருந்து பாலோட்டில் ஜீவனி என்ற மருந்து வந்தது, 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள், வரும் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலகம் மெச்சிய ஏற்பாடு. ஆனால் காட்டிலிருந்து இலை எடுக்க வனத்துறை முட்டுக்கட்டை போட்டது. பணம் பங்கிட்டார்களே தவிர, பறிக்கும் உரிமையைப் பங்கிடவில்லை.

நீ காணிக்குடிக்குப் போனால் நேரே மருந்து தெரிந்தவரிடம் போய்க் குறிப்பேட்டை விரிக்காதே. ஊர்த் தலைவரான மூட்டுக்காணியைப் பார், ஊர் கூடட்டும், எதை அச்சில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். பெயர் வர வேண்டுமா, மறைய வேண்டுமா என்பதும் அவர்கள் முடிவு. மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி டச்சுக்காரர் வான் ரீடு உருவாக்கிய நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஊமத்தையும் கஞ்சாவும் அதில் உண்டு. முதல் தொகுதியிலேயே ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் வாக்குமூலம், அவர் எழுதிய கோலெழுத்து என்ற பழைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது.

உன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு எழுது: உங்கள் ஆய்வேடுகளில் தகவல் சொன்னவர் பெயர் எந்தப் பக்கத்தில் வரும்?

அன்புடன்,
மாமா
புளியரை