காளானைப் படம் எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் போதும், மாஞ்சோலை, பேச்சிப்பாறை பக்கம் போய்வருகிறவர்கள் எடுத்த காளான் படங்கள் பத்திரிகையிலும் போனிலும் வந்து குவிகின்றன. ஆர்வம் நல்லதுதான். ஆனால் மேலிருந்து குடையை மட்டும் எடுத்த படத்தை வைத்து அது என்ன காளான் என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது, அதிலும் நம் காட்டுக் காளானுக்கு ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் போட்டால் தப்பான பதிவுதான் மிஞ்சும்.

புற்றுக்காளானையே எடுத்துக்கொள்ளுங்கள். கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கிற பூஞ்சை அது, அதன் தண்டு வேர் மாதிரி மண்ணுக்குள் இறங்கிக் கறையான் கூட்டைத் தொட்டு நிற்கும், தரையோடு கிள்ளி எடுத்துவிட்டால் முக்கியமான அந்த அடையாளமே போய்விடும். நாம் காலங்காலமாகக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற புற்றுக்காளான் வகைகளில் ஒன்றுக்கு டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற அறிவியல் பெயர் கிடைத்ததே 1979இல்தான், அதைக் கொடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். சாப்பிடுகிற காளானுக்கே இந்த நிலை என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டுமா? உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று லண்டன் கியூ தோட்டத்தின் 2023 அறிக்கை சொல்கிறது, பெயர் வைத்திருப்பது ஏறக்குறைய 1,55,000க்கு மட்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். எந்த மரத்தடி, மண்ணிலா மட்கிய கட்டையிலா, என்ன வாசனை, வெட்டினால் நிறம் மாறுகிறதா என்று அங்கேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்தபின் இவை எதுவும் இருக்காது. பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும், காகிதத்தில் சுற்றுங்கள். ஒரு குடையைத் தாளில் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்தால் வித்துத்தூள் (காளான் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்ணிய தூள்) படியும், அதன் நிறம் பல சமயம் உயிரையே காக்கும் தகவல்: புல்வெளியில் வெள்ளையாக முளைத்து, வாந்தி பேதியில் கொண்டுவிடும் ஒரு நச்சுக் காளானின் தூள் பச்சையாக இருக்கும். அப்புறம் 40 டிகிரி அளவுச் சூட்டில் உலர்த்தி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில், சேர்க்க வேண்டும். இலங்கைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து த்வெய்ட்ஸ் என்ற தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் உலர்த்தி அனுப்பிய இலங்கைக் காளான்கள் கியூவில் இன்றும் ஆய்வுக்குக் கிடைக்கின்றன.

சரணாலயங்களில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, அது நியாயமான சட்டம். ஆனால் காளான் இரண்டு மூன்று நாளில் அழுகிப்போகும், மழை போனபின் வரும் அனுமதியால் யாருக்கும் பயனில்லை. இந்த மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் அறிந்த காளான் பெயர்களையும் முளைக்கும் பருவத்தையும், அவர்கள் சம்மதத்தோடு, அவர்களிடமிருந்து வந்த தகவல் என்றே குறிப்பிட்டு, உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறித்துவைக்கும் ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். கல்லூரித் தாவரவியல் துறைகளுக்கு வனத்துறை மே மாதத்துக்குள்ளேயே அனுமதி கொடுத்துவிட்டால் ஜூன் முதல் மழையிலேயே மாணவர்கள் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியர், நாகர்கோவில்