ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுத்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

புராஜெக்டுக்கான ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கடைசிப் படத்தை உருவாக்கும் வேலை, முடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. காலையில் கல்லூரிக்குப் போய் புராஜெக்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய புதுக் கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறிப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அதில் கூடவே இருந்தீர்கள். அதனால் அந்தக் கதையை மறுபடி சொல்லவில்லை.

பெரிய நன்றி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்கு. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அவர் கடையில் நாங்கள் ஒரு கேபிள்கூட வாங்கியதில்லை. அப்பாவும் நானும் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நாளைக்கு வாங்க என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஷட்டரை மறுபடி மேலே தள்ளிவிட்டு, "உள்ள வைங்க சார்" என்றார்.

அப்புறம் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "எத்தனைம்மா போகுது?"

"பயாஸ்லயே எழுபத்தஞ்சு டிகிரி அண்ணா. ரெண்டர் போட்டா உடனே நூறு." பயாஸ் என்பது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னாலேயே திறக்கும் செட்டிங்ஸ் திரை. அங்கே பிராசசருக்குப் பெரிய வேலை கிடையாது.

"எத்தனை வாட்ல?"

"பிராசசர் இழுக்கிற கரண்டை அறுபத்தஞ்சுல கட்டி வெச்சிருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அறுபத்தஞ்சு வாட்டுக்கு இந்தக் கூலர் சும்மா இருக்கணும். நீ சரியாத்தான் பாத்திருக்க. அப்போ கூலர் பிராசசர் மேல சரியா ஒட்டல."

அதுவரைக்கும் யாரும் என்னிடம் "நீ சரியாத்தான் பாத்திருக்க" என்று சொல்லவில்லை. இதற்கு முன் போன இடங்களில் கேள்வியெல்லாம் அப்பாவுக்குத்தான். பெண் பிள்ளை கட்டிய மெஷின், ஏதாவது தப்பாகப் போட்டிருப்பாள் என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மெஷினை இழுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்வார்கள். இந்த அண்ணன் டிராயரிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து, "யார் கட்டினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்போ நீயே கழட்டு" என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போன் டார்ச்சை அடித்துப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை அவர் கை கேபினெட்டுக்குள் போகவே இல்லை.

"நேரா இழுக்காத. லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி எடு." எடுத்தேன். கூலரின் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டச் சொன்னார். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் வைத்த பேஸ்ட், வைத்த இடத்திலேயே மேடாக இருந்தது. மேலே மட்டும் லேசாக அமுங்கிய தடம். ஓரத்திலெல்லாம் செம்பு பளபளவென்று, எதுவும் படாமல் அப்படியே இருந்தது. சரியாக அழுந்தியிருந்தால் பேஸ்ட் மெல்லிய படலமாக நாலு ஓரத்துக்கும் ஓடியிருக்கும், நடுவில் கிட்டத்தட்ட உலோகமே தெரியும் என்று சொன்னார். "இந்தத் தடத்தைப் படிக்கக் கத்துக்கிட்டா போதும், பாதி வேலை முடிஞ்சுது."

காரணத்தையும் அவசரப்படாமல் சொன்னார். சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். இன்டெலில் 2009-இல் வந்த 1156 சாக்கெட்டிலிருந்து 2020-இல் வந்த 1200 வரைக்கும் கூலர் மாட்டும் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர் இடைவெளி. 2021 கடைசியில் வந்த 1700-இல் அது 78 ஆகிவிட்டது. அதோடு பிராசசர் உட்காரும் உயரமும் குறைந்துவிட்டது. எனக்கு வந்த கூலர் பெட்டியில் இருந்தது பழைய சாக்கெட்டுக்கான கிட். அதன் பின்தகட்டில் துளைகள் நீளவாக்கில் இருந்ததால் 78-க்கும் நகர்ந்து பொருந்திவிட்டது, திருகும் கடைசிவரை இறுகியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் நாலு மூலையிலும் கூலரைத் தாங்கி நிற்கும் ஸ்பேசர் துண்டுகள் பழைய உயரம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தில் கூலர் பிராசசரை அழுத்தாமல் சும்மா மேலே நின்றுகொண்டிருந்தது. "உன் மேல தப்பில்லம்மா. பாக்ஸ்ல கிட்டு மாறி வந்திருக்கு" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி எழுந்துபோய்ப் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டார்.

அந்தப் பையன் எங்கேயோ ஓடிப்போய், அதே கூலரின் புதுக் கிட்டிலிருந்து நாலு கறுப்பு ஸ்பேசரோடு வந்தான். தம்பி, உனக்கும் நன்றி. பழைய பேஸ்டை டிஷ்யூவில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன், புதுசாக ஒரு சொட்டு வைத்தேன். "இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து, ஒரே பக்கம் இறுக்கிடாத" என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருகினேன். ஆன் செய்தோம். பயாஸில் 41 டிகிரி. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறவில்லை.

இத்தனை நாள் நூறில் ஓடியதே, பிராசசர் கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டேன். என் பயமெல்லாம் அதுதான். ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. "நூறுல அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும், அதையும் மீறிப் போனா அணைஞ்சுடும். அதைக் காப்பாத்திக்க அதுக்குத் தெரியும். நிம்மதியா போய் ரெண்டர் போடு" என்றார். அப்பா பணத்தை எடுத்து நீட்டினார். "ஒரு சொட்டுப் பேஸ்ட், நாலு பிளாஸ்டிக். இதுக்குப் போய் என்ன சார்" என்று அப்பா கையை மூடிவிட்டார். மறுநாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். "இப்போ எத்தனை வருதும்மா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஏன் ஒருவருக்கே இவ்வளவு இடம் என்று நினைக்காதீர்கள். மெஷின் சரியானது சந்தோஷம்தான். ஆனால் அவரே வாங்கிச் சரிசெய்து கொடுத்திருந்தால், அடுத்த முறை எதையும் கழற்ற என் கை நடுங்கியிருக்கும். இப்போது நடுங்காது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வீடியோ காலில் பயாஸ் மெனு ஒவ்வொன்றாகத் திறக்க வைத்த அத்தை பையனுக்கு நன்றி. பிராசசர் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்ற பவர் லிமிட்டை போர்டு 4,096 வாட் என்று, அதாவது எல்லையே இல்லாமல் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தது அவன்தான். 65-க்கு இறக்கியும் சூடு குறையாததால்தான் கோளாறு வேறு எங்கேயோ என்பது உறுதியானது. ஃபேன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஊதுவத்திப் புகையை வைத்துப் பார்த்துச் சொன்ன மாடி வீட்டு மாமாவுக்கு, தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்த என் தோழிக்கு, காரணம் கேட்காமல் தேதியைத் தள்ளிக் கொடுத்த மேடத்துக்கு, "சைடு பேனலைத் திறந்து வை", "ஃபேனைத் திருப்பிப் போடு" என்று நடுராத்திரியிலும் பதில் போட்ட வகுப்பு நண்பர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்தது. ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கேபினெட்டை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்த அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் என்ன விலை என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். மீதிப் பேஸ்ட், ஸ்பிரிட் பாட்டில், ஒரு நல்ல ஸ்குரூடிரைவர் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். ஜூனியர் பிள்ளைகளில் யார் முதல்முதலாக மெஷின் கட்டினாலும், சூடேறுகிறது என்று பயந்தாலும் கூப்பிடுங்கள், டப்பாவோடு வருவேன். கழற்றுவது மட்டும் நீங்கள்தான். நான் டார்ச் பிடிக்கிறேன்.

அண்ணா, ரெண்டர் ஓடும்போது எவ்வளவு வருகிறது என்று சொல்லச் சொன்னீர்கள். லிமிட்டை 180 வாட்டுக்கு ஏற்றிவிட்டேன். நேற்று ராத்திரி, ஏசி இல்லாத அறையில், அதிகபட்சம் 82. சனிக்கிழமை அப்பாவோடு கடைக்கு வருகிறேன். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார். காசுதான் வாங்கமாட்டேன் என்றீர்கள், அதையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்கும் தனியாக ஒரு பொட்டலம் உண்டு.