ஊசி போடும் அறையில் இருந்த அக்காவுக்கு

காரைக்குடியில் ஒரு மருத்துவமனை. மாதவிடாய் வந்தால் கல்லூரிக்குப் போக முடியாத வலி எனக்கு. "ஸ்கேன் நார்மல், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். (மாப்பிள்ளையை மருந்துச் சீட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.)

நான் கேட்காமலேயே வாசல்வரை வந்தீர்கள், அக்கா. சீட்டின் பின்புறம் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று எழுதிக் கொடுத்தீர்கள். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய், சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்றீர்கள். "வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், எந்த மாத்திரை கேட்டது, எல்லாவற்றையும் நோட்டில் எழுது. பழைய ரிப்போர்ட்டுகளை விடாதே. வேறு மருத்துவரிடம் நீயே வாயைத் திறந்து சொல், தங்கச்சி." பிறகு அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினீர்கள். என்ன பேசினீர்களோ, வரன் பார்க்கும் நேரத்தில் ஊர் வாய்க்குப் பயந்த அம்மாவே மதுரைக்கு பஸ் ஏற்றினார்.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் அதே நோய்தான் என்று தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறேன்.

உங்களைத் தேடி வந்தேன், வேலையை விட்டுவிட்டீர்களாம். தேவகோட்டைப் பக்கம் என்று மட்டும் சொன்னார்கள். அங்கே யாருக்காவது தெரிந்தால் இதைக் காட்டுங்கள். அக்கா, இந்த செமஸ்டரில் எல்லாத் தாள்களையும் எழுதிவிட்டேன்.